வழங்கியைப் பேணும் கலை



‘சர்வர்’ என்னும் சொல்லைக் கேட்டவுடன் என் வயதினருக்கு உணவு விடுதியே நினைவுக்கு வரும். தோளிலே துண்டும் கையிலே ஐந்தாறு தட்டுகளுமாக மேசைக்கு மேசை விரைந்து, கேட்டவர்க்குக் கேட்டதைக் கொணர்ந்து வைப்பவரையே நாம் நெடுங்காலமாகச் சர்வர் என்று அழைத்து வந்திருக்கிறோம். 1964-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சர்வர் சுந்தரம்’ என்னும் திரைப்படத்தில் நாகேஷ் அவர்கள் கோப்பைகளை அடுக்கடுக்காக ஏந்தி நடந்த நடையை, உங்கள் பாட்டனாரைக் கேட்டால் நடித்தே காட்டுவார். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட சர்வரும் அதே தொழிலைத்தான் செய்கின்றது. ஆனால் அது மனிதன் அன்று, ஒரு கணினி. நீங்கள் தேர்வு முடிவைக் கைபேசியில் பார்க்கும்போதும், தொடர்வண்டியில் இடம் பதியும்போதும், எங்கோ ஓர் அறையில் இருக்கும் கணினியொன்று உங்கள் வேண்டுகோளைக் கேட்டு, வேண்டியதை எடுத்து வழங்குகின்றது. ஆதலின் தமிழில் அதனை ‘வழங்கி’ என்பர்.

அத்தகைய வழங்கிகளுள் பெரும்பாலானவை லினக்ஸ் என்னும் இயக்க முறைமையைக் கொண்டு இயங்குகின்றன. அவற்றைப் பேணிக் காப்பதற்கு எவ்வெவ் கருவிகள் வேண்டும், எத்தகைய பழக்கங்கள் வேண்டும் என்பதே இன்றைய பேச்சு. நான் கணிப்பொறியியல் கற்றவன் அல்லன். கணக்காசிரியனாகப் பயிற்சி பெற்று, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். ஆயினும் பன்னிரண்டு ஆண்டுகள் எங்கள் பள்ளியின் வழங்கியை என் கையாலே பேணினேன். ஒரு மாலைப் பொழுதில் அதே கையால் அதனைப் பாழும் ஆக்கினேன். இரண்டையும் சொல்லவே வந்திருக்கிறேன்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமையைத் தொடங்கினர். அதன் வழியைப் பின்பற்றி, 1991-இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பயின்ற லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர் தம் வீட்டுக் கணினிக்காக ஒரு கருநிரலை எழுதி, யாவரும் எடுத்துத் திருத்திக்கொள்ளுமாறு வெளியிட்டார். அதுவே லினக்ஸ். 2017 நவம்பர் முதல் உலகின் மிக விரைவான 500 கணினிகளின் பட்டியலில் லினக்ஸ் அல்லாதது ஒன்றுகூட இல்லை. ஒரு மாணவர் தொடங்கியது அது என்பதை மாணவர்களாகிய உங்களிடம் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

எங்கள் பள்ளிக்கு அது 2006-இல் வந்தது. பெங்களூரில் பணிபுரிந்த பழைய மாணவர் ஒருவர், அலுவலகத்தில் கழித்த கணினி ஒன்றைப் பேருந்தின் மேல் ஏற்றிக் கொண்டுவந்து, அதில் டெபியன் என்னும் லினக்ஸை நிறுவி, ஆய்வகத்தின் மூலையில் வைத்தார். 1948 முதலான எங்கள் சேர்க்கைப் பதிவேடுகளைக் கரையான் தின்றுகொண்டிருந்தது. பெயர், பிறந்த நாள், தந்தையின் தொழில், சேர்ந்த வகுப்பு ஆகியவற்றைக் கணினியில் ஏற்றிவிட்டால் மாற்றுச் சான்றிதழின் நகல் கேட்டு வருவோருக்கு ஒரு நொடியில் எடுத்துக் கொடுக்கலாம் என்பது எங்கள் எண்ணம். பதினோராம் வகுப்பு மாணவர் மாலைதோறும் அமர்ந்து தட்டச்சுச் செய்தனர். வழங்கியைப் பேணும் பொறுப்பு, வேறு ஆள் இன்மையால், என் தலையில் விழுந்தது.

வழங்கிக்குப் பெரும்பாலும் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. அது வேறு ஊரில், சில வேளை வேறு நாட்டில் இருக்கும். நாம் நம் இடத்தில் இருந்தபடியே எழுத்தால் கட்டளையிட வேண்டும். அதற்குரிய முதற் கருவி எஸ்.எஸ்.எச். என்பது. முற்காலத்தில் டெல்நெட் என்னும் முறையில், கடவுச்சொல் அஞ்சலட்டையில் எழுதியது போலத் திறந்த நிலையிலேயே கம்பி வழியே சென்றது. வழியில் ஒற்றறிந்தவன் அதனைப் படித்துக்கொள்ளலாம். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் அங்ஙனம் கடவுச்சொற்கள் களவு போயின. அதைக் கண்ட டாட்டு யூலனன் என்பவர், பேசுவது அனைத்தையும் மறைமொழியாக்கி அனுப்பும் இக்கருவியை 1995-இல் உருவாக்கினார். இதில் கடவுச்சொல்லுக்கு மாற்றாக இரு சாவிகள் உண்டு. ஒன்று பொதுச்சாவி, அதை வழங்கியில் வைக்கலாம், யார் பார்த்தாலும் கேடில்லை. மற்றொன்று தனிச்சாவி, அது உங்கள் கணினியை விட்டு வெளியே செல்லவே கூடாது. ஒன்றற்கு ஒன்று பொருந்தினால்தான் கதவு திறக்கும். தனிச்சாவியை நண்பனுக்கு மின்னஞ்சலில் அனுப்பும் மாணவரை நான் கண்டிருக்கிறேன். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே விட்டுச் செல்வதற்கும் அதற்கும் வேற்றுமை இல்லை.

உள்ளே நுழைந்தவுடன் எதையும் செய்யாதீர்கள், முதலில் பாருங்கள். நல்ல மருத்துவர் மருந்தை எடுப்பதற்கு முன் நாடியைப் பார்ப்பார் அன்றோ? ‘அப்டைம்’ என்று தட்டினால், வழங்கி எத்தனை நாளாக இடைவிடாது ஓடுகின்றது என்பதும், அதன் பளு எவ்வளவு என்பதும் தெரியும். பளுவை மூன்று எண்களால் காட்டும்: கடந்த 1, 5, 15 நிமிடங்களின் சராசரி அவை. நியாய விலைக் கடையின் வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். எடைபோடுவோர் நால்வர் இருக்க, வாங்க வந்தோரும் நால்வராயின் காத்திருப்பார் இல்லை. பன்னிருவர் வந்தால் எண்மர் காத்து நிற்பர். அதுபோல நான்கு செயலிக் கருக்கள் உள்ள கணினியில் பளு 4 என்றால் கை நிறைய வேலை. 12 என்றால் வரிசை நீண்டுவிட்டது. ஆனால் லினக்ஸ், வட்டிலிருந்து செய்தி வரும் வரை காத்திருக்கும் வேலைகளையும் இக்கணக்கில் சேர்க்கின்றது. ஆகவே எண் பெரிதாயிருப்பின் செயலி திணறுகின்றதா, வட்டு திணறுகின்றதா என்று மேலும் ஆராய்தல் வேண்டும். அடுத்து, டி, எஃப் என்னும் ஈரெழுத்துக் கட்டளை ஒவ்வொரு வட்டிலும் எவ்வளவு இடம் மீதி உள்ளது என்று காட்டும். டி, யூ என்பது அந்த இடத்தை எந்த அடைவு பிடித்துக்கொண்டது என்று காட்டும். இந்த டி, எஃப் என்பதை நான் நாள்தோறும் தட்டியிருந்தால் இன்றைய பேச்சில் பாதி குறைந்திருக்கும்.

வழங்கி தனக்கு நேர்ந்தவற்றையெல்லாம் எழுதி வைக்கின்றது. யார் எப்போது நுழைந்தார், எவர் நுழைய முயன்று தோற்றார், எந்தச் சேவை எப்போது நின்றது என்பனவெல்லாம் அதன் நிகழ்ச்சிக் குறிப்பில் காணப்படும். ஒரே நாளில் பல்லாயிரம் வரிகள் சேரும். அவற்றைக் கண்ணால் படித்து முடியாது. இங்கேதான் யூனிக்ஸ் தந்த ஓர் அரிய கருத்து துணைக்கு வருகின்றது. பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டக்லஸ் மெக்கில்ராய் என்பவர், தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாய்களை ஒன்றோடு ஒன்று திருகிப் பூட்டுவது போல நிரல்களையும் பூட்ட இயல வேண்டும் என்று எழுதி வைத்தார். அதுவும் 1964-ஆம் ஆண்டுதான்! ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1973-இல், தாம்சன் அதை ஒரே இரவில் யூனிக்ஸில் செய்து முடித்தார். ஒரு நிரல் வெளியிடுவதை அடுத்த நிரல் உள்வாங்கும் இம்முறைக்குப் ‘பைப்’, அதாவது குழாய், என்றே பெயர். நேர்க்கோடு ஒன்றை நடுவே இட்டால் குழாய் பூட்டியாயிற்று.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். எங்கள் வழங்கியை இணையத்தோடு இணைத்த மறுநாளே, யாரோ முகம் அறியாதவர்கள் கடவுச்சொல்லை ஊகித்து நுழைய முயன்றிருந்தனர். எந்த முகவரியிலிருந்து எத்தனை முறை முயன்றனர் என்று அறிய விரும்பினேன். முதலில் ‘கிரெப்’ என்னும் கருவியால், ‘கடவுச்சொல் தவறு’ என்று பொருள்படும் வரிகளை மட்டும் பொறுக்கினேன். குழாய் பூட்டி ‘ஆக்’ என்னும் கருவிக்கு அனுப்பி, அவ்வரிகளிலிருந்து முகவரியை மட்டும் பிரித்தேன். அடுத்த குழாயில் ‘சார்ட்’ அவற்றை வரிசைப்படுத்தியது. அதற்கடுத்த ‘யூனிக்’, ஒன்றுபோல் அடுத்தடுத்து நிற்பனவற்றை எண்ணிச் சொன்னது. வரிசைப்படுத்தாமல் எண்ணினால் என்ன என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. யூனிக் அடுத்தடுத்துள்ள வரிகளைத்தான் ஒப்பிடும். பிரிந்து கிடப்பனவற்றை அது அறியாது. விடைத்தாள்களைப் பள்ளிவாரியாக அடுக்கிய பின்னரே கட்டுக் கட்டாக எண்ணுகிறோம் அல்லவா? இறுதியில் மீண்டும் ஒரு சார்ட், எண்ணிக்கையின்படி வரிசை. ஐந்து சிறு கருவிகள்; ஒவ்வொன்றும் ஒரே வேலை அறிந்தவை. அரை நிமிடத்தில் விடை கிடைத்தது. அன்றே கடவுச்சொல்லால் நுழையும் வழியை அடைத்து, சாவியால் மட்டும் நுழையுமாறு அமைத்தேன்.

இனி உரிமைகளைப் பற்றிச் சிறிது பேச வேண்டும். லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் மூவகையார் உளர்: உடையவர், அவர் குழுவினர், மற்றையோர். ஒவ்வொருவர்க்கும் படித்தல், எழுதுதல், இயக்குதல் என்னும் மூன்று உரிமைகளைத் தரலாம், மறுக்கலாம். படித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1 என்று மதிப்பு. இம்மூன்றையும் எவ்வாறு கூட்டினாலும் ஒரு கூட்டுத்தொகை ஒரே வகையில்தான் கிடைக்கும் என்பதைக் கணக்கு விருப்பமுள்ளவர்கள் தாளில் போட்டுப் பாருங்கள். மதிப்பெண் பட்டியலைத் தலைமையாசிரியர் படிக்கலாம், எழுதலாம்: 6. ஆசிரியர் குழு படிக்கலாம்: 4. மற்றையோர்க்கு ஒன்றுமில்லை: 0. ஆகவே அக்கோப்பின் உரிமை எண் 640.

இவ்வேலிகளுக்கெல்லாம் கட்டுப்படாத ஒரு பயனர் உண்டு. அவர் பெயர் ‘ரூட்’. பள்ளியின் எல்லா அறைச் சாவிகளும் கோத்த கொத்து அவர் கையில் இருக்கின்றது. அவர் எதைச் சொன்னாலும் கணினி செய்யும். தன்னையே அழித்துக்கொள்ளச் சொன்னாலும் பெரும்பாலும் செய்துவிடும். ஆகையால் அறிந்தவர்கள் ரூட் என்னும் பெயரில் நுழைந்து உட்கார்ந்திருப்பதில்லை. தம் சொந்தப் பெயரில் நுழைந்து, தேவைப்படும் ஒரு கட்டளைக்கு மட்டும் ‘சூடோ’ என்னும் சொல்லை முன்னே சேர்த்து அவ்வுரிமையைக் கடனாகப் பெறுவர். 1980-ஐ ஒட்டி நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் தோன்றியது இக்கருவி. யார், எப்போது, எக்கட்டளைக்காக அவ்வுரிமையைப் பெற்றார் என்று அது குறித்தும் வைக்கும். இதையெல்லாம் அந்தப் பழைய மாணவர் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். நான்தான் ஒவ்வொரு முறையும் சூடோ தட்டுவது தொல்லை என்று ரூட்டாகவே அமர்ந்திருந்தேன். அதிகாரத்திற்குப் பழகிய தலைமையாசிரியன் அல்லவா!

2009-ஆம் ஆண்டு அக்டோபர் 9, வெள்ளிக்கிழமை. மாலை ஆறு மணி இருக்கும். பதிவேடுகள் இருந்த அடைவில் ‘டெம்ப்’ என்று தொடங்கும் வேண்டாத கோப்புகள் பல கிடந்தன. அவற்றை நீக்க எண்ணினேன். ஆர், எம் என்பது அழிக்கும் கட்டளை. உள்ளடைவுகளோடு சேர்த்து, கேள்வி கேளாமல் அழி என்னும் இரு குறிகளையும் சேர்த்தேன். பின்னர் ‘டெம்ப்’ என்று தட்டி, அதனோடு ஒட்டி, ‘இப்படித் தொடங்கும் யாவும்’ என்று பொருள்படும் விண்மீன் குறியை இட வேண்டும். என் விரல் இடையிலே இடைவெளிக் கட்டையைத் தட்டிவிட்டது. தமிழில் ‘பலகை’ என்று சேர்த்து எழுதினால் மரப்பலகை. ‘பல கை’ என்று பிரித்தால் பல கைகள். பொதுமொழி என்று இலக்கண வகுப்பில் படித்திருப்பீர்கள். அக்கட்டளையிலும் அதுவே நேர்ந்தது. ‘டெம்ப் என்று தொடங்குவனவற்றை அழி’ என்பது, ‘டெம்பையும் அழி, யாவற்றையும் அழி’ என்று ஆயிற்று.

திரை ஒன்றும் சொல்லவில்லை. லினக்ஸில் வேலை செவ்வனே முடிந்தால் மௌனமே விடை. இருப்பவற்றைக் காட்டுக என்று எல், எஸ் என்னும் கட்டளையைத் தட்டினேன். அதற்கும் மௌனம். குப்பைக்கூடையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்றால், அக்கட்டளைக்குக் குப்பைக்கூடை என்பதே கிடையாது. என் முதுகில் வியர்வை வழிந்தது இன்றும் நினைவிருக்கின்றது.

ஆயினும் நம்பிக்கை இழக்கவில்லை. ஏனெனில் ‘கிரான்’ என்னும் கருவி எங்கள் வழங்கியில் இருந்தது. இன்ன நேரத்தில் இன்ன வேலையைச் செய் என்று பாடவேளை அட்டவணை போல எழுதிக் கொடுத்துவிட்டால், அது தவறாமல் செய்யும். நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என ஐந்து கட்டங்களை நிரப்பினால் போதும். இரவு 2 மணிக்குப் பதிவேடுகளை இரண்டாம் வட்டில் படியெடுத்து வைக்குமாறு பழைய மாணவர் அமைத்திருந்தார். அவ்வட்டைத் திறந்தேன். நாள்தோறும் ஒரு கோப்பு, தேதியோடு வரிசையாக நின்றது. மூச்சு வந்தது. பின்னர் அவற்றின் அளவைப் பார்த்தேன். ஜூன் 14-க்குப் பிந்திய கோப்புகள் அனைத்தும் சுழியன். வட்டு நிரம்பியிருந்தது. பெயரை எழுதுவதற்கு இடம் இருந்தது. உள்ளே எழுதுவதற்கு இடம் இல்லை. கிரான் தன் கடமையில் தவறவில்லை. ‘வட்டில் இடம் இல்லை’ என்று ரூட்டின் அஞ்சற்பெட்டிக்கு இரவுதோறும் கடிதம் எழுதியிருந்தது. நூற்றுக்கு மேற்பட்ட கடிதங்கள். ஒன்றையும் நான் பிரிக்கவில்லை.

மறுநாள் பழைய மாணவர் பேருந்து ஏறி வந்தார். வட்டைக் கழற்றி ஏதேதோ செய்து பார்த்தார். துண்டு துணுக்குகளே கிடைத்தன. என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “ஐயா, இந்தப் படிகளில் ஒன்றையாவது நீங்கள் எப்போதாவது திறந்து பார்த்ததுண்டா?” என்று மட்டும் கேட்டார். திறந்து பார்த்ததில்லை.

அந்நான்கு மாத உழைப்பில் பெரும்பகுதியை மாணவர்கள் மீண்டும் தட்டச்சுச் செய்தனர். ஆனால் 1963-ஆம் ஆண்டுப் பதிவேட்டின் பிற்பாதியைச் செய்ய இயலவில்லை. ஜூலையில் அதைக் கணினியில் ஏற்றி முடித்தவுடன், இனி இதற்கு வேலை இல்லை என்று அலமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டோம். ஆகஸ்டு மழையில் ஓடு ஒழுகி, தாள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி, மை கரைந்து போயிருந்தது. அதையும் அக்டோபரில்தான் கண்டோம்.

2011-இல் முதியவர் ஒருவர் வந்தார். 1963-இல் எங்கள் பள்ளியில் சேர்ந்தவர். பிறந்த நாளுக்குச் சான்று வேண்டி வந்தார். தேடிப் பார்த்தேன். ஒட்டிப்போன தாள்களில்தான் அவர் பெயர் இருந்திருக்க வேண்டும். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் சினக்கவில்லை. “நான் இங்கே படித்தேன் என்பதற்கு வேறு அடையாளமே இல்லையா, ஐயா?” என்று கேட்டார். பழைய தேர்வுப் பட்டியல் ஒன்றில் அவர் பெயரைக் கண்டெடுத்தேன். அதில் பிறந்த நாள் இல்லை. அந்தத் தாளைச் சற்று நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, வணக்கம் சொல்லிச் சென்றார்.

இது சிற்றூர் ஆசிரியன் ஒருவனின் அறியாமையால் நேர்ந்தது என்று எண்ணவேண்டா. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்னும் நிறுவனத்தில் நடந்ததைக் கேளுங்கள். உலகெங்கும் உள்ள நிரலாளர்கள் தம் நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவை அது. அதன் தரவுத்தளம் இரு வழங்கிகளில் இருந்தது: முதன்மை ஒன்று, அதன் நிழலாகப் படியெடுத்துவரும் துணை மற்றொன்று. துணை வழங்கி பின்தங்கிவிட்டது. அதை வெறுமையாக்கிப் புதிதாகப் படியெடுக்கலாம் என்று, இரவு நெடுநேரம் போராடிய பொறியாளர் ஒருவர் அழிக்கும் கட்டளையை இட்டார். இட்ட பின்புதான், தாம் இருப்பது முதன்மை வழங்கி என்று உணர்ந்தார். ஓரிரு நொடிகளில் தடுத்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 கிகாபைட்டில் 4.5 கிகாபைட்டே எஞ்சியது.

காப்புப் பிரதிக்கும் படியாக்கத்துக்குமாக அவர்களிடம் ஐந்து வகை ஏற்பாடுகள் இருந்தன. நெருக்கடியில் ஒன்றும் நம்பத்தக்கதாக இல்லை. நாள்தோறும் எடுக்க வேண்டிய பிரதி எடுக்கப்படவே இல்லை, தரவுத்தளம் 9.6-ஆம் பதிப்பாக இருக்க, படியெடுக்கும் நிரல் 9.2-ஆம் பதிப்பாக இருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்கள் உரிய சான்றொப்பம் இன்மையால் அஞ்சல் வழங்கியாலேயே மறுக்கப்பட்டன. நான் பிரிக்காத கடிதங்கள் நினைவுக்கு வருகின்றனவா? நல்வாய்ப்பாக, அதே பொறியாளர் வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் தம் கையால் எடுத்து வைத்த படி ஒன்று இருந்தது. அதைக் கொண்டு மீட்டனர். மக்கள் சேமித்த நிரல்கள் அழியவில்லை. ஆனால் அந்த ஆறு மணி நேரத்தில் தரவுத்தளத்தில் சேர்ந்த செய்திகள் போயின. ஏறத்தாழ 5,000 திட்டங்கள், 5,000 கருத்துரைகள், 700 புதிய பயனர்களின் பதிவுகள் என்று அந்நிறுவனமே கணக்குச் சொன்னது. மீட்கும் பணியை உலகத்தார் காண நேரலையாகவே காட்டியது. எங்கெங்கே பிழை என்று விரிவாக எழுதியும் வெளியிட்டது. அவ்வெளிப்படையை நான் பெரிதும் மதிக்கிறேன். ஒருவர் கையைக் குற்றம் சொல்லி முடித்திருந்தால், மற்ற நான்கு ஓட்டைகள் அப்படியே இருந்திருக்கும்.

அவர்கள் செய்யத் தீர்மானித்த திருத்தங்களுள் மிக எளியது ஒன்று உண்டு. கட்டளை தட்டும் இடத்தில் வழங்கியின் பெயர் தெளிவாகத் தெரியுமாறு, இடத்துக்கு இடம் வேறுபாடு புலப்படுமாறு அமைப்பது. நானும் அவ்வாறே செய்திருக்கிறேன். பள்ளி வழங்கியில் எழுத்துச் சிவப்பு. பயிற்சி வழங்கியில் பச்சை. அழிப்பதற்கு முன் அதே பெயர்க்குறிப்பை எல், எஸ் என்னும் கட்டளைக்குக் கொடுத்து, எவையெவை அகப்படும் என்று கண்ணால் பார்த்துக்கொள்வது மற்றொரு பழக்கம். அந்த வெள்ளிக்கிழமை நான் அவ்வாறு செய்திருந்தால், அந்த இடைவெளி அங்கேயே பல்லிளித்திருக்கும்.

செய்வதை எழுதி வைப்பதும் இத்தொழிலில் ஒரு கருவியே. நான் நாற்பது பக்கக் குறிப்பேட்டில் எழுதினேன். பெரிய நிறுவனங்களில் கட்டளைகளையே கோப்புகளாக எழுதி, டோர்வால்ட்ஸ் 2005-இல் ஆக்கிய ‘கிட்’ என்னும் கருவியில் சேமிக்கின்றனர். யார் எதை என்று மாற்றினார் என்பது அதில் நிலைத்து நிற்கும். நூறு வழங்கிகளை ஒரே முறையில் அமைக்க ‘ஆன்சிபிள்’ என்னும் கருவி 2012 முதல் இருக்கின்றது. வேண்டிய நிலையை எழுதிக் கொடுத்தால், ஏற்கெனவே அந்நிலையில் உள்ளதைத் தொடாமல், குறையுள்ளதை மட்டும் திருத்தும். ஒன்றை மறக்கவேண்டா: பிழையான கட்டளையையும் அது நூறு இடங்களில் ஒரே நேரத்தில் நிறைவேற்றும்.

நீங்கள் தொடங்குவதற்குப் பெரிய பொருட்செலவு வேண்டியதில்லை. 2011 முதல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன் ‘பாஸ்’ என்னும் இந்திய லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. எங்கள் பள்ளியில் அதைத் திறந்து பார்த்தவர் மிகச் சிலர். வீட்டில் அத்தகைய பழைய கணினி தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்புங்கள். அதில் டெபியனை நிறுவி, முதலில் உங்கள் சொந்தப் படங்களையோ பாடக் குறிப்புகளையோ வழங்கச் செய்யுங்கள். ஐயம் எழுந்தால் ‘மேன்’ என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டுக் கட்டளையின் பெயரைத் தட்டுங்கள். கையேடு திரையிலேயே விரியும். 1971-இல் யூனிக்ஸின் முதற் கையேடு வெளிவந்த நாள் தொட்டு வரும் மரபு அது. நடை சற்று வறண்டது. பழகப் பழக நன்னூல் உரை போலச் சுவைக்கும். ‘விஐ’ என்னும் எழுதுகருவியைத் திறந்துவிட்டு வெளியேறத் தெரியாமல், சக்கரவியூகத்துள் புகுந்த அபிமன்யுவாய் நின்ற மாணவர் பலர். எஸ்கேப் விசையைத் தட்டி, முக்காற்புள்ளி, கியூ, வியப்புக்குறி இட்டு நுழைவு விசையைத் தட்டினால், எழுதியதைக் கைவிட்டு வெளியே வந்துவிடலாம். அர்ச்சுனன் சொல்லாமல் விட்டதை நான் சொல்லிவிட்டேன்.

காப்புப் பிரதிகளுக்கு இப்போது எங்கள் பள்ளியில் இருக்கும் முறை இது. மொத்தம் மூன்று படிகள். இரு வேறு வகைக் கருவிகளில். அவற்றுள் ஒன்று ஊருக்கு வெளியே. 1996-இல் தோன்றிய ‘ஆர்சிங்க்’ என்னும் கருவி மாறிய பகுதிகளை மட்டும் அனுப்புவதால், மெதுவான இணைப்பிலும் அது எளிதில் முடிகின்றது. வட்டில் பத்தில் ஒரு பங்கு இடமே மீந்திருந்தால், ரூட்டின் பெட்டிக்கு அன்று, இருவரின் கைபேசிக்கே செய்தி வரும்.

நான் 2018-இல் ஓய்வு பெற்றேன். ஆயினும் இப்போதைய தலைமையாசிரியரின் இசைவோடு, மாதத்தின் முதற் சனிக்கிழமை பள்ளிக்குச் செல்கிறேன். வெளியூர்ப் படியை வேறொரு கணினியில் மீட்டெடுத்து, சீட்டுக் குலுக்கி ஓர் ஆண்டையும் ஒரு வரிசை எண்ணையும் எடுத்து, அந்தப் பெயரைத் தேடி, காகிதப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். சென்ற மாதம் வந்தது, 1958-இல் ஆறாம் வகுப்பில் சேர்ந்த ஒரு மாணவியின் பெயர். தந்தையின் தொழில்: வண்டி ஓட்டுதல். காகிதத்திலும் அதுவே இருந்தது. பிறந்த நாளும் பொருந்திற்று. பத்து நிமிடம் ஆயிற்று. குறிப்பேட்டில் தேதியை எழுதிக் கையொப்பமிட்டு, பதிவேட்டை மேல் தட்டில் வைத்துவிட்டு வந்தேன்.